அஞ்சு கட்டை விசில்

முனிரத்தினத்தின் பட்டு ரீலிங் கொட்டகையில், பாய்லருக்கு முன்னால் ஐந்து விறகுக் கட்டைகளை வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு ஒதுங்கி நின்றேன். ஐந்தும் தைல மரம். ஐந்தும் ஒரே நீளம். வருகிறவர் கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியட்டும் என்று என் மனைவி மஞ்சுளா அவற்றைத் துணியால் துடைத்துக்கூட வைத்திருந்தாள். விறகைத் துடைத்து வைத்தவள் எங்கள் வட்டாரத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

வேதமாணிக்கம் ஐயா மலையிலிருந்து பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. தேயிலைத் தோட்டம் ஒன்றில், சுற்றிப் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு போகும் ஒரு குட்டி ரயிலுக்கு அவர் டிரைவர். விறகு போட்டு நீராவியில் ஓடும் நிஜமான எஞ்சின் அது. அதற்குத்தான் நான் பித்தளையில் விசில் செய்திருந்தேன்.

"அஞ்சு கட்டையில கத்துதுன்னு ஃபோன்ல சொன்னீங்களேம்மா, நம்பவே முடியல. வழியெல்லாம் அதே நெனப்பு" என்றார். புகையில் பழுத்த தொண்டை. பேசினால் உப்புத்தாள் தேய்ப்பது போல இருக்கும்.

"சுத்தமாக் கத்துதுங்க. அதா பாருங்க" என்று மஞ்சுளா கட்டைகளைக் காட்டினாள்.

அவர் கட்டைகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் கட்டைகளைப் பார்த்தார்.

"இது என்னம்மா?"

"நீங்க கேட்ட அஞ்சு கட்டைங்க."

கொதிநீரில் பட்டுக்கூடு வேகும்போது ஒரு வாடை வரும். புதிதாக வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். ஐயா மூக்கைப் பொத்தவில்லை. வாயைப் பொத்திக்கொண்டார்.

சத்தமும் நானும்

இந்தத் தொடரை விடாமல் படிக்கிறவர்களுக்கு என் தொழில் தெரியும். இந்த வாரம்தான் புரட்டுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் பெருமாள். காரிமங்கலத்துக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது என் பட்டறை. மாட்டு மணி, கோயில் மணி என்று பித்தளையில் சத்தம் போடும் சாமான்களை வார்க்கிறேன். நான் மட்டும் சத்தம் போடமாட்டேன்.

எங்கள் நிறுத்தத்தில் பஸ் தானாக நிற்காது. "நிறுத்துங்க" என்று குரல் கொடுக்க வேண்டும். ஒருமுறை தர்மபுரியிலிருந்து தனியாக வந்தேன். நிறுத்தம் நெருங்கியது. தொண்டையைச் செருமினேன். அதற்குள் தாண்டிவிட்டது. கிருஷ்ணகிரி போய் இறங்கி, எதிர்ப்பக்கம் வரும் பஸ்ஸில் ஏறினேன். அதிலும் செருமினேன். கடைசியில் மறுபடி தர்மபுரியிலேயே வந்து இறங்கினேன். மஞ்சுளாவுக்குத் தகவல் போய், அவள் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். அவள் குரல் கொடுத்த வேகத்தில் நாங்கள் ஏறிய பஸ் மட்டுமல்ல, பின்னால் வந்த பஸ்ஸும் நின்றது.

அதனால் எங்கள் வீட்டில் ஃபோன் எப்போதும் அவளிடம்தான் இருக்கும். கடைக்காரர், சொந்தக்காரர், மின்சார ஆபீஸ் எல்லாரிடமும் அவள்தான் பேசுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டுவேன். அதையும் பார்த்து அவளே சொல்லிவிடுவாள்: "அவரு சரிங்கறாருங்க."

எழுதுவது எனக்குப் பிடிப்பதற்கும் இதுதான் காரணம். எழுதும்போது எதிரே யாரும் நின்று முகத்தைப் பார்ப்பதில்லை.

ஃபோன் வந்த நாள்

அன்று சந்தை நாள். மஞ்சுளா ஃபோனை மறந்து வைத்துவிட்டுக் காரிமங்கலம் போய்விட்டாள். அது அடித்தது. நின்றது. திரும்ப அடித்தது. நாலாவது தடவை, அந்தப் பக்கம் இருப்பவருக்கு ஏதோ அவசரம் போல என்று எடுத்துவிட்டேன்.

"மணி வார்க்கிற பெருமாளுங்களா?"

"ம்."

"நான் வேதமாணிக்கம், எஞ்சின் டிரைவர். ஏரியூர் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு வந்தேன் தம்பி. சர்ச்ல உங்க மணியக் கேட்டேன். என்னா சுத்தமான சத்தம்! பொண்ணு மாப்பிள்ளையப் பாக்காம மணியவே பாத்துக்கிட்டு இருந்தேன்."

"சரிங்க."

அவருக்கு என் பதில் தேவைப்படவில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது. எஞ்சினில் இருந்த பழைய பித்தளை விசிலை யாரோ கழற்றிக்கொண்டு போய் இரும்புக்கடையில் போட்டுவிட்டார்களாம்.

"விசில் இல்லாம வண்டிய எடுக்கக் கூடாது தம்பி. இப்ப என் ஃபயர்மேன் செல்வராசு வாயில பி.டி. வாத்தியார் விசில வெச்சு ஊதிக்கிட்டு எஞ்சினுக்கு முன்னால ஓடறான். எறக்கத்துல ரயில விட வேகமா ஓட வேண்டியிருக்குது, பாவம். நின்னான்னா ஏத்திருவேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. முன்பின் தெரியாதவரிடம் எப்படிச் சிரிப்பது என்று அடக்கிக்கொண்டேன்.

"எங்க தோட்டத்துச் சின்ன முதலாளி என்ன பண்ணாரு தெரியுமா? லாரி ஹார்ன் ஒண்ணு வாங்கிட்டு வந்துட்டாரு. விதவிதமாப் பாடுமாம். கோடை சீசனுக்குள்ள விசில் வரலைன்னா அதத்தான் மாட்டுவாராம். நீராவி எஞ்சினுக்கு லாரி ஹார்ன்! யானைக்கு ஆட்டுக்குட்டி கொரல வெச்ச மாதிரி. அத மாட்டுனா நான் கோழி மேய்க்கப் போவேனே தவிர அந்த வண்டியில ஏற மாட்டேன். நீங்கதான் காப்பாத்தணும்."

"சரிங்க."

"ஒண்ணே ஒண்ணுதான். அது அஞ்சு கட்டையில இருக்கணும். இருங்க, காட்டறேன்... இப்படி."

ஃபோனில் ஒன்றுமே கேட்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. அவர் ஏதோ யோசிக்கிறார் என்று நினைத்து நானும் மரியாதையாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

"இதான். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க" என்றேன்.

எந்தக் கட்டை?

மஞ்சுளா பையை இறக்கி வைத்ததும் சொன்னேன்.

"அஞ்சு கட்டையா? என்ன கட்டை?"

"கேக்கல."

"ஏன் கேக்கல?"

கேட்டுக்கொண்டே அவள் திரும்ப அவருக்குப் போட்டாள். மலையில் சிக்னல் இல்லை. சாயங்காலமாக ஒரு படம் மட்டும் வந்தது. தொலைந்துபோன விசிலின் மேல் கை வைத்துக்கொண்டு ஐயா பழைய நாளில் எடுத்துக்கொண்ட படம். பக்கத்தில் எஞ்சின். எஞ்சினுக்குப் பின்னால் ஒரு குவியல் விறகு.

"அந்தா, வெறகு" என்றாள் மஞ்சுளா. "அஞ்சு கட்டை போட்டா போதும், அந்த ஆவியிலயே விசில் கத்தணும். இதான் அவரு சொன்னது. வெறகு மிச்சம் பாக்கறாரு மனுசன்."

அவ்வளவு தெளிவாக அவள் சொன்னதும் எனக்கும் அதுவேதான் என்று பட்டது. எங்கள் ஊரில் மணி வாங்க வருகிறவர்கள் எத்தனை கிலோ என்று கேட்பார்கள். கட்டை என்றால் எனக்கு உலைக்குப் போடுவது.

படத்தில் விசிலின் நீளம் அவர் கையைப் போல இவ்வளவு மடங்கு என்று கணக்குப் போட்டு, என் கையை வைத்து அளவெடுத்தேன். மண் அச்சில் வார்த்து லேத்தில் கடைந்தேன். விசில் என்பது பெரிய சூத்திரம் இல்லை. கீழே ஒரு கிண்ணம், மேலே தலை மூடிய ஒரு குழாய். கிண்ணத்தின் விளிம்பில் இருக்கும் இடுக்கு வழியாக ஆவி மேலே பாய்ந்து குழாயின் வாயில் மோதும். அந்த மோதலில்தான் சத்தம். குழாய் நீளமாக இருந்தால் சத்தம் தடிக்கும். குட்டையாக இருந்தால் மெலியும்.

சரி, ஊதிப் பார்க்க ஆவிக்கு எங்கே போவது? அங்கேதான் முனிரத்தினம் வருகிறார். எங்கள் தெருக்கோடியில் பட்டுக்கூட்டிலிருந்து நூல் எடுக்கும் ரீலிங் கொட்டகை வைத்திருக்கிறார். கூடு வேகவைக்க ஒரு சின்ன பாய்லர் உண்டு. அவர் வீட்டில் கன்னடம் பேசுவார்கள். சலித்துக்கொள்ளும்போது மட்டும் அவருக்குத் தமிழ் போதாது.

"ஏன் மாடோது! என்ன பண்றது! செஞ்சு தொலைங்க" என்று பாய்லரைக் கொடுத்தார். ஆனால் முதல் கேள்வியும் அவரே கேட்டார்.

"எந்த மரத்துக் கட்டை? புளியா, வேம்பா, வேலிக்காத்தானா? புளி ஒண்ணு எரிஞ்சா வேம்பு ரெண்டு எரிஞ்ச மாதிரி."

"மலையில ஏதுங்க புளி? தைல மரந்தான் இருக்கும்" என்றாள் மஞ்சுளா.

"எத்தன நீளம்?"

"எஞ்சின் அடுப்பு எம்மாம் பெருசு இருந்துறப் போவுது? ஒண்ணரை மொழம்."

இப்படி ஒவ்வொன்றையும் யோசித்து யோசித்துத்தான் முடிவு செய்தோம். ஒரு இடத்தில்கூட நாங்கள் அவசரப்படவில்லை.

பத்தரை மணிச் சாப்பாடு

முதல் ஐந்து கட்டைக்கு என் விசில் சளி பிடித்த கன்றுக்குட்டி மாதிரி மூச்சு மட்டும் விட்டது. கூட்டிலிருந்து நூல் எடுக்கும் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாள் முழுக்க வெந்நீரில் கிடந்து ஊறி வெளுத்த விரல்கள் அவர்களுக்கு. அந்த விரலால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

"பெருமாளண்ணா, இதுக்கு எங்க வூட்டு குக்கரே தேவல. மூணு விசிலுக்குப் பருப்பாவது வேகும்" என்றாள் லட்சுமி. அந்தக் கொட்டகையின் வாய் அவள்.

இடுக்கு அகலம், ஆவி வீணாகப் போகிறது என்று புரிந்தது. கழற்றிக்கொண்டு போய் இடுக்கைச் சின்னதாக்கினேன். மறுநாள் மறுபடி ஐந்து கட்டை. அதற்கடுத்த நாளும். எத்தனை முறை போனேன் என்று முனிரத்தினத்தைக் கேட்டால்தான் தெரியும். தலைமுடி நுழையும் அளவுக்கு இடுக்கைக் குறுக்கிய பிறகு, ஒரு காலையில் அது வாயைத் திறந்தது.

தடித்த, நீளமான, வயிற்றுக்குள் இறங்கும் சத்தம். கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. பெண்கள் கையிலிருந்த நூலை விட்டுவிட்டார்கள். முனிரத்தினம் கன்னடத்தில் சாமியைக் கூப்பிட்டார். நான் பயந்துபோய் ஆவியைத் திருகி மூட மறந்து நின்றதில் அது பாட்டுக்குக் கத்திக்கொண்டே இருந்தது.

கொஞ்ச நேரத்தில் தக்காளித் தோட்டத்துக்கார மாதையன் வேகமாக வந்தார்.

"எவன்யா சங்கு ஊதுனது? எந் தோட்டத்துல தக்காளி பறிச்சுக்கிட்டிருந்தவங்கல்லாம் மத்தியான சங்குன்னு நெனச்சு வரப்புல உக்காந்து சோத்தப் பிரிச்சுட்டாங்க. மணி பத்தரைகூட ஆவல!"

"எழுந்து வேல செய்யச் சொல்றதுதானே?" என்றார் முனிரத்தினம்.

"பாதி சோறு தின்னாச்சாம். கைய கழுவிட்டு வர்றோங்கறாங்க."

யார் ஊதியது என்று அவர் சுற்றிலும் பார்த்தார். என்மேல் அவர் கண் நிற்கவே இல்லை. நான் சத்தம் போட்டேன் என்று யார் நம்புவார்கள்?

மஞ்சுளா அன்றே மலைக்கு ஃபோன் போட்டாள். சிக்னல் கிடைத்தது. "அஞ்சு கட்டையில சுத்தமாக் கத்துதுங்க, வந்து பாருங்க!"

மஞ்சள் பைக்குள் இருந்தது

இப்போது ஐயா வாயைப் பொத்திக்கொண்டு நின்ற இடத்துக்கு வருவோம்.

அவர் மெதுவாகப் போய், அடுக்கிய கட்டைகளின் மேலேயே உட்கார்ந்தார். மஞ்சள் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்தார். துண்டைப் பிரித்தால் உள்ளே சுருதிப் பெட்டி. சர்ச் பாட்டுக்காரர்களோடு ஆர்மோனியம் வாசிக்கிறவராம் அவர். பெட்டியை அமுக்கினார். ஒரே சுரமாக நீண்டு ஒலித்தது.

"தம்பி, அஞ்சு கட்டைன்னா இது. பாட்டுக்காரங்க சுருதிக்குச் சொல்ற கணக்கு. வெறகு இல்ல."

லட்சுமியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது பாருங்கள், என் விசில் தோற்றது. அவள் ஆரம்பித்து வைக்க, எல்லாப் பெண்களும் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"அரை வண்டி வெறகு எரிச்சனேயா!" என்றார் முனிரத்தினம்.

"ஃபோன்ல பெட்டிய வெச்சு வாசிச்சுக் காட்டுனேனே! புரிஞ்சுதுன்னு சொன்னீங்களே!" என்றார் ஐயா என்னிடம்.

"ஒண்ணுமே கேக்கலிங்க" என்றேன். அது யாருக்கும் கேட்கவில்லை. மஞ்சுளா திருப்பிச் சொன்னாள்.

"அது நெசம்" என்று முனிரத்தினம் எனக்குத் துணைக்கு வந்தார். "ஒரே மாதிரி வர்ற சத்தத்த இரைச்சல்னு நெனச்சு ஃபோன் முழுங்கிடும். இந்த மோட்டார் பக்கத்துல நின்னு பேசுனாலும் எம் பொண்டாட்டிக்கு மோட்டார் சத்தம் கேக்காது. கொட்டாயில இருக்கேன்னு சொன்னா நம்பவே மாட்டா. எவ வூட்டுல இருக்கேன்னு கேப்பா."

சரி, வந்தது வந்தார், கேட்டுவிட்டுப் போகட்டும் என்று விசிலைத் திறந்தேன். தகரம் அதிர்ந்தது. ஐயா கண்ணை மூடிக் கேட்டார். சுருதிப் பெட்டியில் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார்.

"மூணு கட்டை" என்றார். அவர் முகம் விழுந்துவிட்டது. "நல்ல சத்தந்தான் தம்பி. ஆனா இது எங்க வண்டி இல்ல. வேற யாரோ கூப்புடறாங்க."

கையை விரித்துக் காட்டினார். அப்போதுதான் பார்த்தேன். அவ்வளவு பெரிய எஞ்சினை ஓட்டுகிறவருக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் கை. நான் என் கையை வைத்துப் படத்தை அளந்திருக்கிறேன். என் கை முறம். விசில் பெருத்து, சத்தம் தடித்துவிட்டது.

"அடுத்த வாரம் சீசன் ஆரம்பம். சின்ன முதலாளி ஹார்ன மாட்டறதுக்கு ஆளக்கூட வரச் சொல்லிட்டாரு" என்றார் ஐயா, பெட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டே.

பெரிதாக இருப்பதைக் குறைக்கலாம். சின்னதாக இருந்திருந்தால்தான் கதை முடிந்திருக்கும். இதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் முனிரத்தினம், "இன்னும் ஒரே ஒரு தடவதான் ஆவி தருவேன். கூடு காத்துக்கிட்டு இருக்குது. வேகவெக்கலைன்னா உள்ள இருக்கற பூச்சி ஓட்டை போட்டுக்கிட்டு வெளிய வந்துரும்" என்றார்.

ஒரே தடவை. கொஞ்சம் குறைத்து ஊதி, கொஞ்சம் குறைத்து ஊதிப் பார்க்க வழியில்லை.

குழாய்க்குள் முகம்

"கொறைக்கலாமுங்க" என்றாள் மஞ்சுளா. என் முகத்தைப் பார்த்தே அவள் படித்துவிட்டாள். "அவரு கொறைக்கலாங்கறாரு."

ஐயா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க நிறுத்தணும்னு காதுக்குத் தெரியணுமே. உங்க காது எப்படி?" பெட்டியை மறுபடி எடுத்து அமுக்கினார். "இதப் பாடுங்க. என் தொண்ட புகையில போயிருச்சு."

நானா? என் கல்யாணத்திலேயே மாப்பிள்ளை பெயரைக் கேட்டபோது என் சித்தப்பாதான் சொன்னார். நானா பாடுவது? அதுவும் லட்சுமி முன்னால்?

"நான் பாடட்டுங்களா?" என்று மஞ்சுளா கேட்டுவிட்டுப் பாடியும் காட்டினாள். ஐயா அவசரமாகக் கையை ஆட்டி நிறுத்தினார்.

"அம்மா, நீங்க வேற கட்டை."

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், கழற்றி ஆறவைத்திருந்த விசில் குழாயை எடுத்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டேன். உள்ளே இருட்டு. பித்தளை வாசனை. யாரும் தெரியவில்லை. யாரும் தெரியவில்லை என்றதும் எனக்குக் குரல் வந்தது. "ஆ..." என்று ஆரம்பித்தேன். மேலும் கீழும் தடுமாறிப் போகும்போது, ஓர் இடத்தில் குழாய் திடீரென்று என்னோடு சேர்ந்து கத்தியது. கையில் குறுகுறுவென்று அதிர்ந்தது. பயந்து நிறுத்தினேன்.

"திரும்பப் பாடுங்க!" ஐயா எழுந்துவிட்டார். "அதே எடத்துல! கொழா பதில் சொல்லுது தம்பி!"

ஆவியில் ஊதினால் சத்தம் கொஞ்சம் மேலே ஏறும், வாயால் பாடினால் கீழே இருக்கும். இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்று அவர் பெட்டியில் பார்த்துக்கொண்டார். "அந்தத் தூரத்தக் கழிச்சு நான் பெட்டிய ஒரு எடத்துல வெக்கறேன். நீங்க அதே மாதிரி பாடணும். அப்பக் கொழா பதில் சொல்ற வரைக்கும் அறுத்துக்கிட்டே வாங்க."

பட்டறைக்குப் போனோம். லேத்தில் ஒரு நூல் அளவு எடுப்பேன். குழாயை முகத்தில் வைத்துப் பாடுவேன். பதில் வராது. இன்னொரு நூல். இன்னொரு பாட்டு. தெருவில் போனவர்கள் வாசலில் நின்றார்கள். மாதையனும் வந்து நின்றார்.

"பெருமாளுக்கு என்னாச்சு?"

"பாடறாருங்க" என்றாள் மஞ்சுளா. அவள் அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

ஒரு விரல் நீளத்துக்கு மேல் அறுத்திருப்பேன். முழு மூச்சும் போட்டுப் பாடியபோது பித்தளை என் பல் வரைக்கும் அதிர்ந்தது. ஐயா பெட்டியை மூடினார்.

கொட்டகையில் கடைசி ஆவி. அடுக்கி வைத்த அந்தத் துடைத்த ஐந்து கட்டைகளையே முனிரத்தினம் உள்ளே தள்ளினார். திறந்தேன். இந்த முறை தகரம் அதிரவில்லை. தெளிவாக, உயரமாக, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற யாரையோ கூப்பிடுவது போல ஒரு சத்தம். ஐயா பெட்டியை எடுக்கவே இல்லை.

"அவ வந்துட்டா, எங்க வண்டி" என்றார்.

மாதையன் மட்டும் தலையில் கை வைத்தார். "போச்சு, டீக்கு உக்காந்துருவாங்க."

கேட்டுச்சுங்களா?

சீசன் ஆரம்பித்த அன்று ஃபோன் வந்தது. மஞ்சுளா அடுப்படியில் இருந்தாள். நான்தான் எடுத்தேன்.

"தம்பி! வண்டி நெறைய சனம். செல்வராசு இன்னிக்கு ஓடல, எம் பக்கத்துல ராசா மாதிரி உக்காந்திருக்கான். பொறப்படப் போறோம். கேளுங்க!"

காதில் வைத்து அழுத்திக்கொண்டேன். ஒன்றுமில்லை. வெறும் அமைதி. அன்றைக்குப் போலவே.

"கேட்டுச்சுங்களா?"

கேட்டுச்சுங்க என்று சொல்ல வாய் தானாகத் திறந்தது.

"கேக்கலிங்க" என்றேன். "இன்னொருக்கா ஊதுங்க."

மறுபடி அமைதி. ஆனால் அது முடிகிற இடத்தில் ஃபோன் வேறு எதையோ உள்ளே விட்டது. குழந்தைகள் ஓவென்று கூச்சலிடுவது. ஒரு நாய் குரைப்பது. யாரோ கை தட்டுவது.

"இப்ப?"

"இல்லைங்க. ஆவி தீந்துறாதுங்களா?"

"எங்க தீருது? பழைய விசில் நாலு தடவ ஊதுனா ஏத்தத்துல வண்டி நின்னுரும். உங்களுது ஆவியே குடிக்க மாட்டேங்குது. வெறகுக்கு அளந்து செஞ்சீங்களே, அந்தப் புண்ணியம். உள்ள அஞ்சு கட்டைதான் தம்பி கெடக்குது!" அவர் சிரிப்பு உப்புத்தாள் போலக் கரகரத்தது. "பின்னால சனங்க ஏன் வண்டி போவலன்னு கத்தறாங்க. கத்தட்டும். நீங்க சொல்ற வரைக்கும் ஊதறேன்."

"ஊதுங்க!"

அடுப்படியிலிருந்து மஞ்சுளா எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. ரோட்டுல போறவங்கல்லாம் நின்னு பாக்கறாங்க."

நான் எழுந்து வாசலுக்கு வந்தேன். அங்கே கொஞ்சம் நன்றாகக் கேட்குமோ என்று ஒரு எண்ணம்.

"இன்னொருக்காங்க!" என்று கத்தினேன்.